கராஜ் இருந்த வளவு: எல்லா மண்ணையும் அள்ளத்தான் வேண்டுமா?

கேள்வி: உப்புவெளியில் 20 பேர்ச் காணியுடன் ஒரு வீட்டைக் கடந்த ஆண்டு வாங்கினோம். முன்பிருந்தவர் பின்வளவை வாகனம் திருத்தும் கராஜுக்கு வாடகைக்கு விட்டிருந்தார் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. ஒரு மூலையில் பழைய பற்றறிகளை உடைத்திருக்கிறார்கள். ஒயில் மாற்றிய இடத்தில் மண் கறுத்துக் கிடக்கிறது, புல்கூட முளைப்பதில்லை. கடந்த மாரியில் அங்கே தேங்கிய நீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. கிணறு அங்கிருந்து ஏறக்குறைய 30 அடி. தண்ணீரில் இடைக்கிடை மண்ணெண்ணெய் போன்ற வாசம் வருகிறது. பின்வளவு முழுவதையும் இரண்டு அடி ஆழத்துக்கு அள்ளிவிட்டுக் கிறவல் நிரப்பித் தருவதாக ஒரு டிப்பர்காரர் சொல்கிறார். சீமெந்து போட்டு மூடினால் போதும் என்கிறான் தம்பி. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்த் திரவம் என்று ஒருவர் கலன் கலனாக விற்கிறார். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளிலிருந்து நிலத்தடியால் வந்திருக்கும் என்பது அயலவர்களின் பேச்சு. மகளும் நான்கு வயதுப் பேரனும் எங்களோடு இருக்கிறார்கள். நாங்கள் எதைச் செய்வது? முருங்கையையும் கோழிகளையும் என்ன செய்வது? வளவின் வரைபடம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.
உப்புவெளி வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

டிப்பரை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். சீமெந்தையும் வாங்க வேண்டாம். உங்கள் பின்வளவில் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. கறுத்த இடத்தில் இருப்பது ஒயில். பற்றறி உடைத்த மூலையில் இருக்கக்கூடியது ஈயம். காற்றும் ஈரமும் கிடைத்தால் ஒயில் காலப்போக்கில் சிதையும். ஈயம் எத்தனை தலைமுறை போனாலும் ஈயமாகவே இருக்கும். ஒன்றுக்கு ஏற்ற வழி மற்றதற்குப் பயன்படாது. உங்களுக்கு ஆலோசனை சொன்ன மூவரும் வளவு முழுவதற்கும் ஒரே வழியைச் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. மூலைக்கு மூலை வேறு முடிவு எடுத்தால் செலவும் குறையும், பேரனும் பாதுகாப்பாக இருப்பான்.

ஆனால் மண்ணுக்கு முன்னால் கிணறு. வாசம் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் இன்றிலிருந்தே பயன்படுத்தாதீர்கள். காய்ச்சினாலும் எண்ணெய் போகாது. எளிதில் ஆவியாகும் பகுதி சமையலறைக் காற்றில் கலக்கும், மிச்சம் பானையிலேயே இருக்கும். குளோரின் கிருமியைக் கொல்லும், டீசலை ஒன்றும் செய்யாது. கந்தளாய்க் குளத்து நீரைக் கொண்டுவரும் குழாய் உங்கள் வீதியில் இருந்தால், தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் இணைப்புக்கு விண்ணப்பிப்பதுதான் இந்த முழு வேலையிலும் நீங்கள் செய்யும் மிகப் பயனுள்ள செலவு.

கிணற்றை இறைத்து இறைத்துச் சுத்தமாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். பம்பி போட்டு இறைக்கும்போது கிணற்றைச் சுற்றி நிலத்தடி நீர்மட்டம் புனல்போலத் தாழும். 30 அடிக்கு அப்பால் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும் எண்ணெயை நாமே கிணற்றை நோக்கி இழுப்போம். உப்புவெளி, நிலாவெளிக் கரையோர மணலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அங்கே நல்ல தண்ணீர் உப்பு நீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறும். கிணற்றின் மேற்பரப்பில் எண்ணெய் படையாக மிதந்தால், ஒயிலை உறிஞ்சும் துணியைக் கயிற்றில் கட்டி இறக்கி எடுக்கலாம். யாரையும் கிணற்றுக்குள் இறக்க வேண்டாம். ஆவியும் ஒட்சிசன் குறைவும் சேர்ந்தால் இறங்கியவர் ஏற மாட்டார்.

மாரியில் நீங்கள் கண்ட வானவில் படலம் எண்ணெயா என்பதை ஒரு குச்சியால் அறியலாம். இரும்புச்சத்து உள்ள நீரில் பற்றீரியாக்களும் அதே நிறப் படலத்தை உண்டாக்கும். குச்சியால் கலைத்தால் பற்றீரியாப் படலம் துண்டு துண்டாக உடைந்து அப்படியே பிரிந்து நிற்கும். எண்ணெய்ப் படலம் கலைந்து மறுபடி ஒன்றுசேரும். மழைக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. கறுத்த மண்ணில் ஒரு கைப்பிடியை எடுத்து, தண்ணீருள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டுக் குலுக்கி, சற்று நேரம் வைத்துப் பாருங்கள்.

சீனன்குடாவைப் பற்றிய பேச்சுக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையில் எங்கே எண்ணெய் வாசம் வந்தாலும் விரல் அந்தப் பக்கமே நீளுகிறது. பிரித்தானியர் கட்டிய அந்தத் தாங்கிகள் 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு தாங்கி எரிந்து அழிந்ததையும் ஊரே அறியும். ஆனாலும் அவை உள்துறைமுகத்துக்கு அப்பால் பல கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றன. நிலத்தடியில் எண்ணெய் அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. நீரில் கரைந்த பகுதிகூட மணலில் உள்ள நுண்ணுயிர்களால் சிதைந்து, பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள் அடங்கிவிடும். உங்கள் கிணற்றுக்கு 30 அடியில் பல ஆண்டுகள் ஒயில் ஊற்றிய இடம் இருக்கும்போது, காரணத்தைத் துறைமுகத்துக்கு அப்பால் தேட வேண்டியதில்லை.

இனி ஈயம். எனக்கு ஒயிலைவிட அதிகக் கவலை தருவது அந்த மூலைதான். அது கறுத்துத் தெரியாது, மணக்காது, புல்லும் முளைக்கக்கூடும். நான்கு வயதுப் பிள்ளை மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும். அந்த வயதில் குடல் ஈயத்தைப் பெரியவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும், மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். நம் வீடுகளில் காலையும் மாலையும் முற்றம் கூட்டுகிறோம். வெறும் மணல் முற்றத்தை ஈர்க்குமாற்றால் கூட்டும்போது எழும் தூசிதான் ஈயம் வீட்டுக்குள் வரும் பெருவழி. கச்சான் வீசும் இந்த மாதங்களில் சொல்லவே வேண்டாம். ஆகவே அந்த மூலையை இன்றே தகரம் கொண்டு மறையுங்கள். மேலே தறப்பாள் விரித்துக் கற்களை வையுங்கள். மிச்ச முற்றத்தை நீர் தெளித்த பின்னரே கூட்டுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். பேரனுக்கு இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சோதிக்க உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். ஒரு டெசிலீற்றரில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், எங்கிருந்து வருகிறது என்று கண்டு தடுக்க வேண்டும் என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல். பாலும் முட்டையும் இரும்புச்சத்துள்ள உணவும் வயிறு நிறையக் கிடைக்கும் பிள்ளையின் உடல் ஈயத்தைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் முட்டை கடையில் வாங்கியதாக இருக்கட்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சோதனை இல்லாமல் ஒரு வாளி மண்கூட வளவை விட்டு வெளியேறக் கூடாது. உங்கள் வரைபடத்தைப் பார்த்து இப்படிச் சொல்வேன். பற்றறி மூலையில் ஐந்து இடங்களில் மேல்மண்ணைச் சுரண்டிக் கலந்து ஒரு மாதிரி, ஒரு அடி ஆழத்தில் இன்னொன்று. கறுத்த இடத்தின் நடுவில் மேலே ஒன்று, அரை மீற்றரில் ஒன்று, தண்ணீர் காணும் மட்டத்துக்குச் சற்று மேலே ஒன்று. கராஜ் தொடாத முன்வளவில் ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. பிறகு கிணற்று நீர். ஈயத்துக்கான மண்ணைப் புதிய பொலித்தீன் பையில் எடுக்கலாம். எண்ணெய்க்கான மண்ணையும் நீரையும் கண்ணாடிப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். ஏனெனில் பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சும், போத்தலில் காற்று இருந்தால் ஆவி அதில் போய்விடும். இரவு பஸ்ஸில் அனுப்பினால் காலையில் கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கொடுக்கலாம். மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன் (எண்ணெயின் மொத்த அளவு), ஈயம், கட்மியம், மண்ணின் அமிலத்தன்மை ஆகியவற்றைக் கேளுங்கள். போத்தலைப் பற்றியும் கட்டணத்தைப் பற்றியும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது.

அறிக்கையில் வரும் எண்களை எதனோடு ஒப்பிடுவது? வெளிநாட்டு அளவுகளை வைத்தே நாங்கள் பெரும்பாலும் பேசுகிறோம். வீட்டு மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் என்றிருந்த எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2024இல் 200ஆகக் குறைத்தது. எண்ணெய்க்கு நெதர்லாந்தின் தலையீட்டு அளவு, அதாவது அதைத் தாண்டினால் மண்ணைத் திருத்துவது பற்றி முடிவெடுக்க வேண்டும் என்ற அளவு, கிலோவுக்கு 5,000 மில்லிகிராம். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அது உக்கல் நிறைந்த மண்ணுக்குச் சொன்னது. உப்புவெளி மணல்போல உக்கல் மிகக் குறைந்த மண்ணுக்குத் திருத்திக் கணக்கிட்டால் 1,000தான் வரும். மணல் எண்ணெயைப் பிடித்து வைப்பதில்லை, கீழே விட்டுவிடும்.

டிப்பர்காரரின் திட்டத்தை இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். 15 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், இரண்டு அடி ஆழம் என்றால் 90 கன மீற்றர், ஏறக்குறைய 32 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). கறுத்த இடமோ 6 மீற்றருக்கு 4 மீற்றர். அரை மீற்றர் தோண்டினால் 12 கன மீற்றர், 4 கியூபுக்குச் சற்று அதிகம். பற்றறி மூலை 3 மீற்றருக்கு 2, ஒரு அடி ஆழத்தில் 2 கன மீற்றர்கூட இல்லை. மிச்சமெல்லாம் நல்ல மண்ணாக இருக்கலாம். அதையும் கெட்டதோடு சேர்த்து அள்ளினால் நச்சு மண்ணின் அளவை நாமே பெருக்குவோம். அள்ளிய மண் எங்கே போகும் என்று அவரிடம் கேட்டீர்களா? பள்ளக் காணி நிரப்ப யாருக்காவது விற்கப்பட்டால், அங்கே இன்னொரு வீட்டுப் பிள்ளை அதில் விளையாடும். இதை நினைத்தால் எனக்குத் தாங்க முடிவதில்லை. பழைய ஒயில், பற்றறி ஈயம் போன்ற அபாயகரமான கழிவுகளை எடுத்துச் செல்லவும் அகற்றவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதி. அனுமதி இல்லாத டிப்பரில் உங்கள் மண்ணை ஏற்ற வேண்டாம்.

பற்றறி மூலைக்கு அள்ளுவதே சரி, அறிக்கை ஈயம் அதிகம் என்று சொன்னால். ஆட்கள் முகக்கவசமும் கையுறையும் போட்டு, மண்ணை நனைத்துக்கொண்டு தோண்ட வேண்டும். காய்ந்த மண்ணில் மண்வெட்டி போடக் கூடாது. பொலித்தீன் உறை உள்ளே இட்ட உரப்பைகளில் நிரப்பிக் கட்டி, மூடியுள்ள பரலில், கூரைக்குக் கீழே வையுங்கள். பின்னர் அதிகாரசபையின் திருகோணமலை அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அனுமதி பெற்றவர் மூலம் அகற்றுங்கள். தோண்டிய குழியின் அடியில் மிஞ்சும் ஈயத்துக்கு ஒரு நல்ல வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. எப்பாவலப் பாறைப் பொஸ்பேற்றை அடிமண்ணில் கலந்தால், ஈயம் அதனோடு சேர்ந்து எளிதில் கரையாத கனிமமாக மாறும். பற்றறி அமிலம் ஊறிய மண் புளித்திருக்கும், அந்தப் புளிப்புத்தான் பொஸ்பேற்றைக் கரையச் செய்கிறது. ஆகவே பொஸ்பேற்றை முதலில் இட்டுச் சில வாரங்கள் ஈரமாக விட்டு, அதன் பிறகே சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணியுங்கள். வரிசையை மாற்றினால் பலன் குறையும். அதன்மேல் நீர் புகும் துணிவிரிப்பு, ஒரு அடி நல்ல செம்மண், புல். பின்னாளில் தோண்டுபவருக்கு அந்தத் துணியே எச்சரிக்கை.

கறுத்த மண்ணுக்கு என் தெரிவு, வளவிலேயே வைத்துத் திருத்துவது. நம் வெயிலும் வெப்பமும் இதற்கு மிகவும் உகந்தவை. குளிர்நாடுகளில் ஆண்டின் பாதி நின்றுபோகும் வேலை இங்கே பன்னிரண்டு மாதமும் நடக்கும். திரவம் விற்பவர் சொல்வதில் பாதி உண்மை. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆனால் பல ஆண்டுகள் ஒயில் ஊறிய மண்ணில் அவை ஏற்கெனவே வாழ்கின்றன, வெளியிலிருந்து வாங்கிவர வேண்டியதில்லை. அவற்றுக்கு இல்லாதவை காற்றும் ஈரமும் நைதரசனும் பொஸ்பரசும். அதற்குத் தேவை மண்வெட்டியும் கொஞ்சம் யூரியாவும்.

செய்யும் முறை இது. கிணற்றுக்கு எட்டத்தில், மேடான இடத்தில், 1000 கேஜ் தடிப்புள்ள பொலித்தீன் விரித்து, விளிம்பில் மண் வரம்பு கட்டுங்கள். அதன்மேல் கறுத்த மண்ணை ஒரு மீற்றர் உயரத்துக்கு மிகாமல் குவியுங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்திலிருந்து வைக்கோல் கிடைக்கும். நறுக்கிப் போட்டு, மக்கிய மாட்டெருவும் கலந்தால் காற்று உள்ளே போகும். மண்ணில் எண்ணெய் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தால், தொன்னுக்கு ஏறக்குறைய 2 கிலோ யூரியா தேவைப்படும். கூடவே சிறிது பொஸ்பேற்று உரம். ஒரே நாளில் கொட்டினால் நுண்ணுயிர்களே சாகும், நைத்திரேற்று கிணற்றுக்கும் போகும். நான்கு தடவையாகப் பிரித்து, மாதம் ஒரு தடவை போடுங்கள். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும். கிழமைக்கு ஒரு தடவை புரட்டுங்கள். மேலே தறப்பாளோ தகரக் கூரையோ கட்டாயம் வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் எண்ணெய் இருந்தால் இந்த முறை திணறும். அப்படிப்பட்ட கருங்கட்டிகளைத் தனியே எடுத்து, எண்ணெய்க் கழிவைச் சூளையின் அதிவெப்பத்தில் எரித்து அழிக்கும் புத்தளம் சீமெந்து ஆலைக்கு அனுப்புவது நல்லது.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்பீர்கள். டீசல் பகுதி சில மாதங்களில் நன்றாகக் குறையும். பழைய எஞ்சின் ஒயில் பிடிவாதமானது, ஓர் ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம், முழுவதும் போகாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதித்து, எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போங்கள். அறிக்கையில் கறுத்த மண்ணிலும் ஈயம் அதிகம் என்று வந்தால் இந்த முறையைத் தொடங்காதீர்கள். எண்ணெய் போன பிறகும் ஈயம் அந்தக் குவியலில் அப்படியே இருக்கும், புரட்டும்போதெல்லாம் தூசியும் எழும். வெட்டிவேர் நடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். வேர் ஆழமாகப் போகும், மண்ணைப் பிடிக்கும், திருத்தி முடித்த இடத்தில் நடுவதற்கு அருமையான பயிர். கிணறு 30 அடியில் இருக்கும்போது அதை மட்டும் நம்பிக் காத்திருக்க முடியாது.

தம்பி சொல்லும் சீமெந்துக்கும் ஓர் இடம் உண்டு. அசுத்தத்தின் மையத்தை எடுத்த பிறகு, மிச்சத்துக்குள் மழை நீர் இறங்காமல் தடுக்க அது உதவும். எடுக்காமல் மூடினால் கீழே உள்ள எண்ணெய் பக்கவாட்டில் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும், உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகும். இன்னொன்று, சவர்க்காரமோ தூள் சோப்போ கரைத்து மண்ணைக் கழுவ வேண்டாம். ஒட்டியிருக்கும் எண்ணெயைக் கழற்றி நிலத்தடி நீருக்கு அனுப்பும் வேலை அது. மண்ணில் தீ மூட்டுவதும் வேண்டாம்.

திருகோணமலையில் தோண்டும் எவருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். அலவாங்கில் இரும்பு தட்டுப்பட்டு, அது கராஜ் இரும்புபோலத் தெரியவில்லை என்றால், தொடாமல் விலகி 119க்கு அழையுங்கள். இரண்டு போர்களைக் கண்ட மண் இது.

காலம் குறைவு. வாடைக்காற்று மழை ஐப்பசியில் தொடங்கிவிடும். கறுத்த இடத்தில் விழும் ஒவ்வொரு மழையும் எண்ணெயைக் கீழே தள்ளும். அதற்கு முன் மண் பொலித்தீனுக்கு மேலே ஏற வேண்டும். அறிக்கை தாமதமானாலும், கறுத்த இடத்துக்கு மேலே ஒரு தகரக் கூரையாவது புரட்டாதி முடிவதற்குள் நிற்கட்டும்.

செலவை யார் தாங்குவது என்பது நீங்கள் கேட்காத கேள்வி. கேட்க வேண்டிய கேள்வி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்துக்கு அருகில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மாசுபடுத்தியவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. அது பெரிய நிறுவனத்துக்கு எதிரான அடிப்படை உரிமை வழக்கு, உங்களுடையது வீடு விற்றவரோடும் கராஜ் நடத்தியவரோடும் உள்ள பிரச்சினை. ஆனாலும் வேலை தொடங்கு முன் திகதியோடு படங்கள் எடுங்கள். காணி உறுதி, ஆய்வுகூட அறிக்கை, செலவுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதிகாரசபைக்கும் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அயலவரின் கிணறுகளையும் பரிசோதகர் பார்க்க வேண்டியிருக்கும். அவர்களிடம் இதை மறைக்காதீர்கள்.

முருங்கையும் கோழியும் பாக்கி. ஈயம் கலந்த மண்ணில் கீரையும் மரவள்ளியும்தான் அதிக ஆபத்து. வேரும் இலையும் ஈயத்தை எடுக்கும், தூசியும் அவற்றில் படியும். அறிக்கை வரும்வரை முருங்கை இலையைச் சமைக்க வேண்டாம், காயை நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். தேங்காய் பற்றிப் பெரிதாகக் கவலை வேண்டாம். கோழிகளை இன்றே முன்வளவுக்கு மாற்றி அடைத்து வையுங்கள். கிளறிக் கொத்தித் தின்னும் கோழிக்குப் போகும் ஈயம் முட்டைக்கும் போகும். முன்வளவு மண்ணின் அறிக்கை சுத்தம் என்று வந்து, அதன் பிறகும் சில வாரங்கள் கழியும்வரை அந்த முட்டைகளைப் பேரனுக்குக் கொடுக்காதீர்கள்.